உறுப்பு பழுதுற்றால் முழுப்பொருளையும் துறப்பதா?

ஒரு பொருளின் வாழ்நாளை வரையறுப்பது அதன் உறுப்புகளுள் முதலில் தேய்வதேயாகும். அதனை மாற்ற இயலுமாயின் பொருள் நீடிக்கும். இயலாதாயின் நன்னிலையிலுள்ள ஏனைய உறுப்புகளும் உடன் வீணாகும். இதனை இரு சான்றுகளால் ஆராய்வோம்.

1. திருவொற்றியூர்ச் சான்று

வடசென்னைத் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் மோட்டார் சைக்கிள் தொழிலைத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்குப் பொருத்தினர். 1962இல் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே உருவாயின. இங்கிலாந்தில் 1970இல் உற்பத்தி நின்ற பின்னரும் இங்குத் தொடர்ந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியில் கியர்பாக்ஸ் தனி உறுப்பாக எஞ்சினுடன் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தது. தேய்ந்ததை மட்டும் மாற்றித் தந்தையின் வண்டியை மகனும் ஓட்டுதல் இயன்றது.

2. கைப்பேசி

இம்முறை கைப்பேசிக்கும் பொருந்துமா? அதில் முதலில் முதுமையடைவது பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரியே. ஏறத்தாழ 500 முறை முழுமையாக மின்னேற்றியபின் அதன் கொள்திறன் ஐந்தில் நான்கு பங்காகக் குறைவது பொதுவியல்பு. முன்னாளில் பின்மூடியைக் கையால் திறந்து பேட்டரியை மாற்றினோம். இன்றோ பல கைப்பேசிகளில் அது பசையால் ஒட்டப்பட்டுள்ளது. மெல்லிய வடிவும் நீர்புகாமையும் இதற்குக் கூறப்படும் காரணங்கள்.

உறுப்புகளை விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடிய கைப்பேசியை அமைக்க முயன்ற கூகுளின் ஆரா திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனமோ எளிய குறிக்கோள் கொண்டது: பழுதுற்றதை உரியவரே மாற்றுதல். 2015இல் வெளிவந்த ஃபேர்ஃபோன் 2இல் திரை, பேட்டரி, கேமரா ஆகியன தனித்தனியே கழற்றத்தக்கவை.

3. சட்டத்தின் துணை

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதி, 2027 பிப்ரவரி 18 முதல் பயன்படுத்துவோரே பேட்டரியை மாற்றத்தக்க அமைப்பைக் கோருகிறது. சில விலக்குகளும் உள. நம் நடுவண் அரசு பழுதுநீக்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் தொடங்கியது.

4. இல்லறத்தார் கடைப்பிடிக்க

வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக: பேட்டரியை மாற்ற இயலுமா? உதிரி உறுப்பு கிடைக்குமா? எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் இடவோ கூடாது, தீப்பற்றும். மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், இருப்பதைப் பேணுதலையும் உள்ளடக்கியதே. பழுதுநீக்க இயலாத பொருளை வாங்குவோர், அடுத்த பொருளையும் அன்றே வாங்கியவராவர்.