கடலில் இறங்கும் முன் மலை ஏறும் நாளைக் குறி

தங்கச்சி, நீயும் உன் கூட்டாளிமாரும் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பார்க்கத் திட்டம் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ போ. ஆனால் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று எழுதத் தொடங்குவதற்கு முன் கொப்பியின் முதல் வரியில் ஒன்றை எழுதிவிடு: கடைசியாகக் கடலை விட்டு வெளியே வந்த நேரத்துக்கும் நம் ஊரான பட்டிப்பொலவுக்கு ஏறும் நேரத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள்.

இது கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தேவைப்படாத கணக்கு. நம் ஊர் ரயில் ஸ்டேஷன்தான் இலங்கையிலேயே உயரமானது, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர். கொழும்பிலிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் நம் கடையில் உப்பிப்போய்த் தொங்குவதைப் பார்த்திருப்பாய். வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். மேலே வந்த பிறகு அது மெதுவாக, பல மணி நேரம் எடுத்து வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, கை கால் விறைப்பு, தலைசுற்று என்று தொடங்கி, மோசமானால் நடக்க முடியாமலே போகலாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இதை எல்லா இடத்திலும் சொல்லுவார்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வர்க் என்ற அமைப்பின் வழிகாட்டல், சாதாரண டைவ் ஒன்றுதான் செய்திருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒரே நாளில் பலமுறையோ பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்கச் சொல்கிறது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரையான உயரத்துக்குச் சமம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நம் லயம் இருப்பது 6,200 அடியில். ஆகவே நமக்கு வேனும் கோச்சியும் விமானம் மாதிரித்தான். வழிகாட்டல் குறைந்தபட்சத்தைச் சொல்கிறது, நீ 24 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்.

எனக்குப் பயம் எங்கே என்று சொல்கிறேன். வாடகை வேன், பன்னிரண்டு பேர், திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை. ஞாயிறு பகல் வரை கடலில் இருந்துவிட்டு, சாப்பிட்டு, இரவோடு இரவாக மலை ஏறிவிடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதே. வெள்ளியும் சனி காலையும் இறங்குங்கள். சனி பகலோடு கடலை முடித்து, ஞாயிறு விடிந்து புறப்பட்டால் ஊர் சேரும்போது ஒரு நாள் தாண்டியிருக்கும். நேரம் நெருக்கினால் கண்டி டவுனில் இரவு தங்கலாம். அது 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. நுவரெலியாவில் தங்குவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. திரும்பும் வழியில் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை என்று சேர்க்கவும் கூடாது.

அடுத்தது மாதம். இலங்கையில் வருடம் முழுக்க எங்காவது ஒரு பக்கம் கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா பக்கம் தெளிவாக இருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவ, உனவட்டுன, கற்பிட்டி. தைப்பொங்கல் லீவில் திருகோணமலைக்கு என்று யாராவது சொன்னால், அது கிழக்கில் மழையும் கொந்தளிப்பும் உள்ள காலம், காசுதான் வீண்.

உங்களுக்கு நான் கிழக்கையே சொல்லுவேன். அங்கே தமிழில் சொல்லித்தரும் ஆட்கள் கிடைப்பார்கள். முதல்முறை தண்ணீருக்குள் போகும்போது பாதுகாப்பு விஷயத்தைச் சொந்த மொழியில் கேட்பது பெரிய பலம். நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாமலை என்ற தீவு 2003இல் தேசிய பூங்காவானது. முருகைக்கல், கறுப்பு நுனிச் செட்டையுள்ள சின்னச் சுறாக்கள், எல்லாம் ஆழமில்லாத தண்ணீரிலேயே தெரியும். உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் டிக்கெட் வேறு வேறு என்பதால் அடையாள அட்டையை மறக்காதே. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியிலும் சுழியோடுகிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்கள் அங்கே கிடப்பதை, 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் கண்டார். நம் முன்னோர் செதுக்கிய தூணை மீன்களுக்கு நடுவில் பார்ப்பது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அங்கே நீரோட்டம் உண்டு, பயிற்சி முடித்தபின் வைத்துக்கொள்.

மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் கப்பலைப் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி அது. 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, விசேட பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான். பயிற்சி இல்லாமல் முதல் அனுபவமாக இறங்குகிறவர்களை 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு 18 மீற்றர் எல்லை. ஹிக்கடுவவில் 1903இல் மூழ்கிய கொன்ச் என்ற எண்ணெய்க் கப்பலை, சான்றிதழ் கையில் வந்தபின் ஒரு தை மாதத்தில் பார்க்கலாம்.

சான்றிதழுக்கு நீச்சல் கேட்பார்கள்: நிற்காமல் 200 மீற்றர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நம் பக்கத்துக் குளிரில் யார் நீந்தப் பழகினோம்? இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஒரு நீச்சல் குளத்தில் பழகு. செலவில் முதல் இடம் இதற்குத்தான், தண்ணீருக்கடியில் போட்டோ எடுக்க அல்ல.

பிறகு காது. மலையிலிருந்து இறங்கும்போது காது அடைத்துத் திறப்பது உனக்குப் பழக்கம்தான். ஆனால் பட்டிப்பொலவிலிருந்து கடற்கரை வரை இறங்கும் அத்தனை தூரத்தின் அழுத்த வித்தியாசமும் கடலில் வெறும் இரண்டு மீற்றர் ஆழத்துக்குச் சமம். பத்து மீற்றரில் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் வலி தொடங்குமுன்னே, ஒவ்வொரு மீற்றருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே இறங்கு. தடிமன், மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு இறங்காதே, காசு போனாலும் பரவாயில்லை. நம் ஆட்களுக்குக் குளிரில் தடிமன் அடிக்கடி வருவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு இருந்தால் டைவிங் சென்டர் தரும் படிவத்தில் மறைக்காமல் எழுதி, டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போ.

டைவிங் சென்டரில் போய் நிற்கும்போது கூச்சப்படாதே. சொல்லித்தருகிறவரின் அட்டையைக் காட்டச் சொல். படகில் ஒக்சிசன் இருக்கிறதா, சொல்லித்தருகிறவர் ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, “என் வீடு 1,890 மீற்றரில் இருக்கிறது, நாளைக்கு மலை ஏறுகிறேன்” என்று நீயாகவே சொல். கேட்டதும் கடைசி டைவ் நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர் நல்லவர். சிரித்துத் தட்டிக்கழிக்கிற இடத்தில் காசு கட்டாதே.

தண்ணீருக்குள் மூச்சை ஒருபோதும் அடக்காதே. பெருவிரலைத் தூக்கிக் காட்டினால் ‘மேலே போவோம்’ என்று அர்த்தம், ‘நல்லா இருக்கு’ என்று இல்லை. முருகைக்கல்லில் கால் வைக்காதே, ஒரு துண்டும் எடுத்து வராதே.

மலையில் நமக்குத் தாகம் தெரியாது. திருகோணமலை வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும், வற்றிய உடம்பில் குமிழி ஆபத்தும் கூடும். நிறையத் தண்ணீர் குடி, போத்தல் திறக்கும் கூட்டத்தோடு உட்காராதே.

இவ்வளவு பார்த்தும் ஊருக்கு வந்தபின் மூட்டு வலியோ விறைப்போ வந்தால், தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிப் போட்டுப் படுத்துவிடாதே. பாரம் தூக்கிய வலி என்றுதான் அங்கே நினைப்பார்கள். “கடலில் சிலிண்டரோடு இறங்கினேன், இத்தனை மணிக்கு மேலே வந்தேன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஒக்சிசன் கேள். இதற்கான அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது என்பதை ஆஸ்பத்திரி டொக்டரிடம் நீயே ஞாபகப்படுத்து. டைவ் செய்த நேரங்களை எழுதிய கொப்பியைக் கையோடு கொண்டுபோ.