ஸ்விட்சின் சாவி யாரிடம்?

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலேறி, கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க்கில் வேலை பழகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஸ்விட்சுகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் லாகின் அமைக்கச் சொன்னால், யோசிக்காமல் ரேடியஸ் என்கிறார்கள். "வைஃபைக்கு ஏற்கெனவே இருக்கே சார், வீடியோவிலயும் அதான் சொல்றாங்க." வீட்டிலோ, "இதெல்லாம் எதுக்கு, கிளவுட் படி" என்று அப்பாவின் நச்சரிப்பு. அதனால் எல்லாவற்றிலும் ஓர் அவசரம்.

நாலைந்து ஸ்விட்ச் உள்ள அலுவலகத்துக்கு ஒவ்வொன்றிலும் தனிக் கணக்கே போதும். அதற்கு மேல் மையச் சர்வர்தான்.

ரேடியஸ் டயல்-அப் காலத்தில் வாடிக்கையாளரை இணையத்துக்குள் விட வந்தது. அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. கல்வி நிறுவனங்களுக்கான வைஃபையாக இந்தியாவில் எர்நெட் நடத்தும் எடுரோம் இன்றும் அதன்மேல்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்விட்சுக்குள் நுழைந்த பொறியாளர் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அதன் அக்கவுண்டிங் லாட்ஜ் பதிவேடு மாதிரி: முக்கியமாக எப்போது வந்தார், எப்போது போனார் என்பதுதான். நள்ளிரவில் யாரோ ஒரு விலானை அழித்துவிட்டால், அந்தக் கட்டளையை அடித்த கை எது என்று அதில் தேடிப் பயனில்லை. பாஸ்வேர்டை மட்டும் எம்டி5 வைத்து மறைக்கும்; பயனர் பெயர் திறந்தே போகும். நடுவில் புகுந்தவர் சர்வரின் மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம் என்று 2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதல் காட்டியது. இத்தனைக்குப் பிறகும் ஸ்விட்ச் நிர்வாகத்துக்கு அதையே கட்டிக்கொண்டு அழுவானேன்?

இரவு ஷிஃப்டில் ரேக் முன்னால் நின்றவன் சொல்கிறேன்: அதற்குப் பதில் டாகாக்ஸ் பிளஸ். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கும், ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும். 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. வைத்திருக்கும் லாக்கில் விஷயம் இருக்க வேண்டாமா? டாகாக்ஸ் பிளஸ் சிஸ்கோவின் சொந்தச் சரக்கு என்பது பழைய பேச்சு. 2020-லேயே அதை விவரிக்கும் பொது ஆவணமாக ஆர்எஃப்சி 8907 வந்துவிட்டது. டாகாக்ஸ் பிளஸின் மறைப்பும் எம்டி5-தான் என்பதால், நிர்வாகத்துக்கென ஒரு விலானை ஒதுக்கி அதன் போக்குவரத்தை அதில் வையுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு லோக்கல் கணக்கை விட்டுவையுங்கள். சர்வரை முதலிலும் லோக்கலை அடுத்தும் வைத்தால், சர்வர் பதிலே தராதபோதுதான் ஸ்விட்ச் லோக்கலை நாடும். சர்வர் மறுத்துவிட்டால் நாடாது. கன்சோல் கேபிளைச் செருகி, சர்வரை நீங்களே நிறுத்தி, என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் இது மண்டையில் ஏறும். அந்தப் பொறுமை இருப்பவருக்கு இந்தத் தொழில் ஒத்துவரும். இல்லாதவரைச் சான்றிதழ் காப்பாற்றாது.

ரேடியஸுக்கு ஃப்ரீரேடியஸ், டாகாக்ஸ் பிளஸுக்கு டாக்-பிளஸ்: இரண்டு சர்வர்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய ஸ்விட்ச் ஒன்றோடு இரண்டையும் இணைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், தம்பிகளே, தங்கைகளே.