மிதக்கும் எரிவாயு முனையம்

சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இயற்கை எரிவாயுவினால் உற்பத்தியாகிறது. அவ்வாயு நம் மண்ணில் கிடைப்பதன்று. அண்டை நாடுகளிலிருந்து குழாய் வழியாகவும், தொலைநாடுகளிலிருந்து கப்பல் வழியாகவும் வருகிறது. சுழியத்திற்குக் கீழ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஓர் அறையை நிறைக்கும் வாயு சில வாளிகளுக்குள் அடங்குவது வியப்பன்றோ!

அக்கப்பல்களை வரவேற்க ஜூரோங் தீவில் 2013 முதல் ஒரு முனையம் இயங்குகிறது. அதில் பழுது நேர்ந்தால் என் செய்வது? இரண்டாவது முனையம் ஜூரோங் துறைமுகத்தில் அமையுமென 2024இல் அறிவிக்கப்பட்டது. அது கட்டடமன்று, துறையில் பிணைத்து நிறுத்தப்படும் பெருங்கப்பல்! இத்தகைய கப்பல்கள் திரவத்தைச் சேமித்து, பெரும்பாலும் கடல்நீரின் வெப்பத்தைக் கொண்டே மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்துகின்றன. தேவை தீர்ந்தால் வேறிடம் கொண்டு செல்லலாம். நிலம் குறைந்த தீவுக்கு ஏற்ற ஏற்பாடே இது.