ஒளிக்குக் காத்திருத்தல்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் படமெடுக்க விழைவோர் முதலில் பயில வேண்டியது பொறுமையே.

உச்சிப்பொழுதில் கதிரவன் தலைக்குமேல் நிற்பதால் நிழல் குறுகி, காடும் காயலும் தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து, காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகின்றன. வழியில் நீல ஒளி பெரிதும் சிதறிவிட, செம்மஞ்சள் ஒளியே மிகுதியாக எஞ்சுகிறது. அப்போது சேற்றில் பென்சில்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர் ஒவ்வொன்றும் தன் நிழலோடு தனித்துத் தெரியும்.

1858ஆம் ஆண்டில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்படமாக இணைத்தார். அக்காலத் தாள் நெகடிவில் ஒளி மெதுவாகவே பதியும். இன்றைய காமிரா நொடிக்குள் பதித்துவிடும்; ஆயினும் கதிரவனை விரைவுபடுத்த அதனாலும் இயலாது.

பொறுமையற்றவர் காட்சிக்காகக் கிளையை ஒடிப்பர், பறவையை வெருட்டுவர், மூச்சுவேரை மிதிப்பர். அவ்வேர்களின் வழியேதான் சேற்றில் புதைந்த வேர்கள் காற்றைப் பெறுகின்றன. நல்லொளி நாளையும் வரும்; முறிந்த வேர் நாளைக்குள் முளைக்காது. ஆதலின் படகிலேயே அமைதியாய் அமர்ந்திருங்கள்.

பயிற்சி: ஒரே மரத்தைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நோக்கி, நிழலின் நீளத்தையும் ஒளியின் நிறத்தையும் ஏழு நாள் குறித்து வருக. அதன்பின் காமிராவைக் கையில் எடுக்கலாம்.