விவசாயச் சங்கமும் சர்க்கார் தீர்மானமும்

பயிரில் நோய் கண்டவுடன் எம்மிடம் வந்து பரிகாரம் கேட்கும் செஞ்சி வட்டத்து விவசாயிகள், வரத்துக் கால்வாய் தூர்ந்து ஏரி நிரம்பாவிடில், "சர்க்கார் பார்த்துச் செய்யட்டும்" என்று வாளாவிருந்து விடுகின்றனர். சர்க்கார் ஒரு தீர்மானத்துக்கு வரும் விதத்தையும், அதில் விவசாயச் சங்கங்களுக்குள்ள பங்கையும் அறிவது, எருவிடும் முறையை அறிவதைப் போலவே அவசியமாகும்.

இதற்குக் காவேரி வழக்கு தக்க உதாரணம். நீர்ப் பங்கீடு பற்றி ராஜ்யங்கள் பலமுறை கூடிப் பேசியும் முடிவு ஏற்படவில்லை. 1983-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுக் காவேரிப் பாசன விவசாயிகளின் சங்கமொன்று, தீர்ப்பாயம் அமைக்கும்படி உத்தரவிடக் கோரி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. 1956-ஆம் வருஷத்து நதிநீர்த் தகராறுச் சட்டப்படி தீர்ப்பாயம் கோர வேண்டியது ராஜ்ய சர்க்காரேயாகும்; தமிழ்நாட்டு சர்க்கார் 1986-இல் அவ்வாறு கோரிற்று; சங்கத்தின் மனுவையும் ஆதரித்தது. நீதிமன்ற உத்தரவின் மேல் 1990 ஜூன் 2-ந் தேதி தீர்ப்பாயம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல் வெளிவந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுக்கு வருஷந்தோறும் விட வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி., அதாவது 17,725 கோடி கன அடி என்று முடிவு செய்தது. சங்கம் மனுச் செய்து அப்போது முப்பத்தைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கத்தின் விடாமுயற்சியும் சர்க்காரின் சட்ட உரிமையும் ஒன்றுசேர்ந்தமையாலேயே காரியம் நடந்தது.

கோரிக்கை பெறுவதோடு பொறுப்புத் தீர்வதில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் திரு. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் கோயமுத்தூரில் மாட்டு வண்டிகளை நிறுத்திக் கிளர்ச்சி செய்தனர். பிற்காலத்தில் விவசாய மின்சாரம் இலவசமாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் மோட்டாரை நிறுத்தும் எண்ணம் குறைந்து, பல இடங்களில் கிணற்று நீர் கீழே இறங்கியதையும் மறைத்தலாகாது.

நமது வட்டத்தில் செய்யத்தக்கவை வருமாறு:

1. ஒரு மகஜரில் ஒரு கோரிக்கையே இருத்தல் வேண்டும். ஏரியின் பெயர், ஆயக்கட்டு, புல எண், கால்வாய் தூர்ந்துள்ள நீளம் ஆகியவற்றைக் குறித்தல் அவசியம்.

2. பட்டாதாரர் மட்டுமன்றிக் குத்தகைதாரரும் கூலியாட்களும் கையொப்பமிட வேண்டும். ஏரி வறண்டால் முதலில் வேலை இழப்பவர் அவர்களே.

3. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை மாதாந்தர விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது பெறுக.

4. கிராம உத்தியோகஸ்தர்கள் மகஜரைத் தொந்தரவென்று எண்ணாது, ஸ்தலத்தைப் பார்வையிட்டு அளவு குறித்து உதவுவாராக.

சில வருஷங்களுக்கு முன் யாமே ஒரு கிராமத்தாருக்கு எழுதிக் கொடுத்த மகஜர், புல எண் இல்லாமையால் திரும்பி வந்தது. பிழை எம்முடையதே. மறு மகஜர் சேருமுன் மழைக்காலம் கடந்துவிட்டது; கடைமடை நஞ்சை அவ்வருஷம் தரிசாய்க் கிடந்தது. அத்தகைய நஷ்டம் மற்றோர் ஊருக்கு நேராதிருக்க, அடுத்த கிராம சபைக்கு முன்பே கால்வாயை அளந்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.