புற்றுக்கட்டிக்குள் மேக்ரோஃபேஜுக்கு என்ன வேலை?

அன்புள்ள கயல்விழி,

கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் புற்றுக்கட்டிக்குள் கூட்டமாக இருந்தும் அதை ஏன் தின்பதில்லை என்று கேட்டிருந்தாய்.

1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார் உயிரியலாளர் மெச்னிக்காஃப். மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று தொட்டு மேக்ரோஃபேஜ்களை விழுங்கும் செல்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் விழுங்குவது பாதி வேலைதான். காயம்பட்ட இடத்தில் புது இரத்தக் குழாய்களை முளைக்கவைப்பது, திசுவைச் சீராக்குவது, சண்டை முடிந்ததும் மற்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்குவது எல்லாம் மீதிப் பாதி. கட்டிக்கு வேண்டியது அந்த மீதிப் பாதி. ஆறாத காயங்களே கட்டிகள் என்று 1986இல் ஆய்வாளர் ஹெரால்ட் டுவோரக் எழுதினார். இதைவிடக் கச்சிதமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

கட்டி சிசிஎல்2, சிஎஸ்எஃப்-1 போன்ற புரதங்களைச் சுரந்து இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகளை வரவழைக்கிறது. உள்ளே ஆக்சிஜன் குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். அந்தச் சூழலில் மேக்ரோஃபேஜாக முதிரும் மோனோசைட்டுகள், பழுதுபார்க்கும் குணத்துக்கே சாய்கின்றன. இரத்தக் குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் புரதத்தைச் சுரக்கின்றன. டி செல்களுக்குத் தேவையான அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அர்ஜினேஸ் நொதியால் சிதைத்துவிடுகின்றன. புற்றுநோயைக் கொல்ல வந்த டி செல் பட்டினியில் சோர்ந்துபோகிறது.

மேக்ரோஃபேஜ்களில் தாக்கும் எம்1 வகை நல்லது, பழுதுபார்க்கும் எம்2 வகை கெட்டது என்று யாராவது சொல்லித்தந்தால் தேர்வுக்கு வைத்துக்கொள். கட்டிக்குள் அவை அப்படிச் சுத்தமாகப் பிரிந்து நிற்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2001இல் வெளியானது. மார்பகப் புற்று வரும் எலிகளில் சிஎஸ்எஃப்-1 இல்லாமல் செய்தார்கள். கட்டி வழக்கம்போலவே வளர்ந்தது. நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது. காரணம் பிறகு தெரிந்தது. புற்றுச்செல் சிஎஸ்எஃப்-1 தர, மேக்ரோஃபேஜ் பதிலுக்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் தர, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரத்தக் குழாயை நோக்கி நகர்கின்றன.

இந்தத் தொடர்பை அறுக்க மருந்தும் உண்டு. மூட்டுகளில் வரும் ஒருவகை ராட்சதச் செல் கட்டியில் கட்டியை உண்டாக்கும் செல்கள் சிறுபான்மையே. மற்றவை பெரும்பாலும் சிஎஸ்எஃப்-1 கூப்பிட்டு வந்த மேக்ரோஃபேஜ் வகைச் செல்கள். அந்த அழைப்பை ஏற்கும் ஏற்பியைத் தடுக்கும் பெக்சிடார்டினிப் மருந்துக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்ற கடும் எச்சரிக்கையும் கூடவே உண்டு. மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா புற்றுநோயில் அதே மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை.

அன்புடன்,
மாமா