பக்கெட்டைவிடக் குனியுறதுதான் கனம்

பாகலூர்ப் பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வேலைக்குப் போற தங்கச்சிக்கு அக்கா சொல்றது இது. பூவுல என்ன கனம், ஆனாலும் சாயங்காலம் இடுப்பு ஏன் இப்படி விட்டுப்போகுதுன்னு கேக்குறியே, நீ நாள் பூரா தூக்குனது உன் உடம்பைத்தான்.

கணக்கைப் பாரு. 5 கிலோ பக்கெட்டைத் தரையிலிருந்து 70 செ.மீ. தூக்க 34 ஜூல் போதும். 50 கிலோ இருக்குற உனக்கு இடுப்புக்கு மேல மட்டும் சுமார் 30 கிலோ வரும். குனிஞ்சு நிமிரும்போது அந்த எடை 40 செ.மீ. மேல ஏறினா, அதுக்கே 118 ஜூல்! அதனால பக்கெட்டைத் தரையில வைக்காதே. ரெண்டு கிரேட்டைக் கவுத்து, அது மேல வை. களை பிடுங்கினா ஒவ்வொண்ணுக்கும் நிமிராம, உட்காந்தே ஒரு பாத்தியை முடி.

அறுத்த பூவைக் கையிடுக்குல அணைச்சுக்கிட்டே நிக்காதே. சுமை நகரலைன்னா இயற்பியல்ல வேலை பூஜ்யம். ஆனா தசை இறுகியே இருக்குறதால எரிபொருள் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். தூக்கித்தான் ஆகணும்னா வயித்தோட ஒட்டித் தூக்கு, ரெண்டு பக்கமும் சமமாப் பிரிச்சுக்கோ.

கென்யாவுல சில பெண்கள் தங்க எடையில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் தலையில சுமந்தாலும் கூடுதல் சக்தி செலவாகலைன்னு 1986-ல 'நேச்சர்' இதழ்ல ஆய்வு வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து பழகினவங்க அவங்க. நீ திடீர்னு தலைச்சுமைக்கு மாறினா கழுத்துதான் போகும்.

எனக்குப் பெரிய கவலை வெக்கைதான். தசை எரிக்கிற சக்தியில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்குதான் வேலையாகும், மிச்சமெல்லாம் சூடு. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். ஆவியாகணும், அதுதான் முக்கியம். பாலிஹவுஸ் ஈரக்காத்துல அது சொட்டிக் கீழ விழுந்துடும், உடம்பு ஆறாது. பலமான வேலையை விடியக்காலையிலேயே முடி. பக்கத்துத் திரையைச் சுருட்டி விடச் சொல்லு. அதைக் கேக்குறது உன் உரிமை. தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடி. ராகிக் களியைத் தின்னுட்டுப் போ, வெறும் டீயோட கிளம்பாதே.

கூட வேலை செய்யுறவ தலை சுத்துதுன்னா நிழலுக்குக் கூட்டிப் போ. பேச்சுக் குழறினா, ஆள் தடுமாறினா, உடம்பு நெருப்பாக் கொதிச்சா தண்ணியை மேல ஊத்து, விசிறு. 108-க்கு உடனே போன் பண்ணு.